லிட்டருக்கும் கிலோவுக்கும் நடுவே ஓர் எண்

மரச்செக்கு எண்ணெய்க் கடையில் இரண்டு விலை எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடலை எண்ணெய் லிட்டர் 300 ரூபாய். கிலோ 320 ரூபாய். எப்படி வாங்கினால் மிச்சம்?

லிட்டர்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் ஒரு லிட்டர் கடலை எண்ணெயை நிறுத்துப் பார்த்தால் சுமார் 915 கிராம்தான் இருக்கும். கிலோ 320 ரூபாய் என்றால் அந்த 915 கிராமின் விலை 293 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. கிலோக் கணக்கில் வாங்குகிறவருக்கு ஒவ்வொரு லிட்டரிலும் 7 ரூபாய் மிஞ்சும்.

லிட்டர் இடத்தை அளக்கிறது. கிலோ பொருளை அளக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் நமக்குத் தண்ணீரிலிருந்து வந்தது. 1790-களில் பிரான்சில் மெட்ரிக் அளவுகளை உருவாக்கியவர்கள் நீரை வைத்தே கிலோகிராமை வரையறுத்தார்கள். அதனால் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பது இன்றும் பொருந்தி வருகிறது. அந்தப் பொருத்தம் நீருக்கு மட்டுமே உரியது. எண்ணெய், தேன், பெட்ரோல், அரிசி என்று எதை எடுத்தாலும் லிட்டரைக் கிலோவாக மாற்ற இன்னோர் எண் வேண்டும். அதுதான் அடர்த்தி. ஒரு லிட்டர் இடத்தில் எத்தனை கிலோ பொருள் அடங்கியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. தேனுக்குச் சுமார் 1.4, பெட்ரோலுக்கு 0.72 முதல் 0.775 வரை, பாதரசத்துக்கு 13.6.

நிறையைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். வகுத்து வந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அது ஒரு மாற்று எண். டாலரை ரூபாயாக்க அன்றைய மாற்று விகிதம் தேவைப்படுவதைப் போல, லிட்டரைக் கிலோவாக்க அடர்த்தி தேவைப்படுகிறது. அந்த விகிதத்தைப் போலவே இதுவும் மாறும். சூடேறினால் எண்ணெய் விரிகிறது; அதே லிட்டருக்குள் குறைந்த எண்ணெயே பிடிக்கும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம் இருக்கும். 60 டிகிரியில் 892.6 கிராம்தான். பாக்கெட்டின் மேல் ‘60 டிகிரியில் ஒரு லிட்டர்’ என்று அச்சிட்டு விற்றால், வாங்குகிறவருக்கு 26 கிராம் எண்ணெய் குறைகிறது. லிட்டர் என்று போட்டதில் பொய் ஏதும் இருக்காது. இதைக் கவனித்துத்தான் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவைப் போடுங்கள், கூடவே எடையையும் போடுங்கள் என்று சமையல் எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிடும்போது லிட்டரை விட்டுவிட்டு அந்தக் கிராம் கணக்கைப் பார்ப்பதே நல்லது.

இந்த மாற்று எண்ணைத் தவறாக எடுத்ததால் ஒரு விமானமே நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்ற கதை உண்டு. 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143-ஆம் எண் விமானம் மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகவேண்டும். அப்போது புதிதாக வந்திருந்த போயிங் 767 ரகம் அது. எரிபொருளைக் கிலோவில் கணக்கிடும் விமானம். அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்களில் எல்லாம் பவுண்டுக் கணக்கு. எரிபொருளைக் காட்டும் கருவி பழுதாகியிருந்ததால், அளவுக்குச்சி கொண்டு தொட்டிகளை அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. இன்னும் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும்?

விமான எரிபொருள் ஒரு லிட்டர் சுமார் 0.8 கிலோ. சரியாகச் செய்தால் 7,682 லிட்டர் என்பது 6,200 கிலோவுக்கும் குறைவு. மீதம் 16,000 கிலோவுக்கு மேல் தேவை. அதாவது ஏறத்தாழ 20,000 லிட்டர் நிரப்ப வேண்டும். ஆனால் அவர்கள் கையில் இருந்த எண் 1.77. அதுவும் அதே எரிபொருளின் அடர்த்திதான், லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில். 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கி, வந்த 13,597-ஐக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். 22,300-இலிருந்து அதைக் கழித்து, மீதியை 1.77-ஆல் வகுத்து, 4,917 லிட்டர் போதும் என்று முடித்தார்கள். 22,300 கிலோ இருக்கவேண்டிய தொட்டிகளில் 22,300 பவுண்டு இருந்தது. தேவையில் பாதிக்கும் குறைவு.

நடுவானில் இரண்டு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றன. தலைமை விமானி பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குயின்டால் முன்பு விமானப் படையில் இருந்தவர். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட படைத்தளம் ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். எஞ்சின் இல்லாமலே அந்தப் பெரிய விமானத்தை மிதக்கவிட்டு அங்கே இறக்கினார்கள். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். 1.77, 0.8 இரண்டும் சரியான எண்கள் என்பதுதான் இதில் என்னை உலுக்குவது. பக்கத்தில் அலகை எழுதாமல் விட்டதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துவிட்டது. கணக்கில் அலகு எழுதாத பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரைக் கறாரானவர் என்று இனி யாரும் குறைசொல்ல வேண்டாம்.

பவுண்டு என்றதும் இன்னொரு சிக்கல். உலகச் சந்தையில் தங்கத்தின் விலையை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். அது டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். சமையல் குறிப்புகளில் வரும் அவுன்ஸ் 28.35 கிராம். நம் ஊர் பவுன் 8 கிராம் என்பதால், ஒரு தங்க அவுன்ஸ் ஏறத்தாழ 3.89 பவுன். ஒரு அவுன்ஸ் தங்கம், ஒரு அவுன்ஸ் இறகு, எது கனம் என்று கேட்டால் தங்கம்தான். ஆனால் டிராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ்தான், 373 கிராம். சாதாரண பவுண்டுக்கு 16 அவுன்ஸ், 453.6 கிராம். பவுண்டுக் கணக்கில் கேட்டால் இறகு ஜெயித்துவிடும்.

இதுவரை நிறை, எடை என்ற இரண்டையும் பேச்சு வழக்கில் கலந்தே எழுதினேன். கடையில் அதனால் நட்டமில்லை. இயற்பியலில் அவற்றைப் பிரித்தாக வேண்டும். ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது நிறை. பூமி அதை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது எடை. (இலங்கையில் படித்தவர்கள் இங்கே நிறை என்பதைத் திணிவு என்றும், எடை என்பதை நிறை என்றும் கொள்ள வேண்டும்.) நிறை எங்கே போனாலும் மாறாது. எடை இடத்துக்கு இடம் மாறும். நிலவுக்குப் போனால் ஆறில் ஒரு பங்காகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு நிலவு வரைக்கும் போகவேண்டியதில்லை.

1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், நிலநடுக்கோட்டுக்கு அருகே தென்னமெரிக்காவில் இருக்கும் கயேன் தீவுக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரத்தில் கோளாறு இல்லை. அங்கே பூமியின் இழுப்பு குறைவு, அதனால் ஊசல் மெதுவாக ஆடியது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நடுவில் கொஞ்சம் உப்பியிருக்கிறது. அந்தச் சுழற்சியும் நிலநடுக்கோட்டில் இழுப்பைச் சற்றுக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்து, துருவத்தில் வினாடிக்கு வினாடி 9.83 மீட்டராக இருக்கும் ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78 ஆகிறது.

இது இன்றைய எலக்ட்ரானிக் தராசையும் பாதிக்கிறது. அதற்குள் இருக்கும் உணரி விசையைத்தான் அறியும். அதைக் கிராமாக மாற்றிக் காட்டுவது உள்ளே பதிந்திருக்கும் கணக்கு. டெல்லியில் சரிபார்த்த ஒரு நுண்தராசை அப்படியே கன்னியாகுமரிக்குக் கொண்டுவந்து ஒரு கிலோ தங்கத்தை வைத்தால், ஏறத்தாழ ஒரு கிராம் குறைத்துக் காட்டும். தங்கம் குறையவில்லை. தராசை அந்த ஊரிலேயே, தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிசெய்ய வேண்டும். இரண்டு தட்டு வைத்த பழைய தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இழுப்பு குறைந்தால் இரு தட்டுக்கும் ஒரே விகிதத்தில் குறையும். எடைக்கல்லுக்கு எதிரே பொருளை வைக்கும் அந்தத் தராசு டெல்லியிலும் கன்னியாகுமரியிலும் நிலவிலும் ஒரே விடையைத் தரும். நிறையை ஒப்பிட அதைவிட நேர்மையான கருவி கிடையாது என்பது என் எண்ணம்.

விண்வெளி நிலையத்தில் இரண்டு தராசுமே பயன்படாது. பூமியின் இழுப்பு அங்கேயும் தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நிலையமும் உள்ளே இருப்பவரும் ஒன்றாகவே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் தராசை யாரும் அழுத்துவதில்லை. அங்கே ஒருவரின் நிறையை அறிய, அவரைச் சுருள்வில்லோடு இணைத்து ஆட்டிவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறார்கள். நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். எடை இல்லாத இடத்திலும் நிறை அப்படியே இருக்கிறது.

இனி நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்விக்கு வரலாம். ஒரு கிலோ பஞ்சு, ஒரு கிலோ இரும்பு: எது கனம்? இரும்பு என்று அவசரப்படும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள், இரண்டும் சமம்தானே என்று. அந்தச் சிரிப்பும் கொஞ்சம் அவசரமானது. தண்ணீருக்குள் இருக்கும் பொருளைத் தண்ணீர் மேலே தள்ளுவதைப் போலக் காற்றும் தள்ளுகிறது. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். பஞ்சு இழையின் அடர்த்தி 1.5 என்பதால், ஒரு கிலோ பஞ்சின் இழைகள் மட்டும் சுமார் 670 மில்லி லிட்டர் இடத்தை அடைக்கின்றன. அந்த அளவு காற்றின் எடை 0.8 கிராம். ஒரு கிலோ இரும்பு 127 மில்லி லிட்டர்தான். அது விலக்கும் காற்று 0.15 கிராம். ஆகவே தராசு இரண்டும் சமம் என்று காட்டினால், உண்மையில் பஞ்சின் நிறை ஏறத்தாழ 0.65 கிராம் அதிகம். பஞ்சுப் பொதி பார்க்கப் பெரிதாக இருந்தாலும் இழைகளின் இடைவெளியில் இருக்கும் காற்றைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. அந்தக் காற்றின் எடையும் அதன்மேல் இருக்கும் மேல்நோக்கிய தள்ளலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

அரை கிராமுக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். பாரிசுக்கு அருகே 1889 முதல் உலகத்துக்கே ஒரு கிலோவாக இருந்த பிளாட்டினம்–இரிடியம் உருளையோடு எஃகு எடைக்கற்களை ஒப்பிட்டவர்கள் இந்தத் திருத்தத்தைச் செய்தே ஆகவேண்டியிருந்தது. இரண்டும் விலக்கும் காற்றில் 90 மில்லிகிராமுக்கு மேல் வேறுபாடு வரும். அந்த உருளைக்கும் அதன் நகல்களுக்கும் இடையே ஒரு நூற்றாண்டில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தெரிந்ததே பெரிய கவலையானது. கடைசியில் 2019 மே 20 முதல் உருளையை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்தார்கள். அதே உருளையின் 57-ஆம் எண் பிரதிதான் புதுடெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இந்தியாவின் கிலோவாக இருந்தது.

கிலோ வருவதற்கு முன் நாம் தானியத்தைப் படியால் அளந்தோம். படி, இடத்தை அளக்கும் கருவி. அதனால்தான் படியைக் குலுக்குவதா, தலை தட்டுவதா, கும்பம் வைப்பதா என்று அத்தனை வழக்கங்கள், அத்தனை வாக்குவாதங்கள். அரிசிமணியின் அடர்த்தி 1.45-ஐ ஒட்டியது. ஆனால் ஒரு லிட்டர் பாத்திரத்தை அரிசியால் நிரப்பினால் 800 கிராம்தான் பிடிக்கும். பாத்திரத்தில் ஏறக்குறைய 45 விழுக்காடு வெறும் காற்று. நம்பாதவர்கள் விளிம்பு வரை அரிசி நிரப்பிய ஒரு லிட்டர் பாத்திரத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். 400 மில்லிக்கு மேல் உள்ளே போகும். குலுக்கினால் மணிகள் நெருங்கும், அதே படியில் அரிசி கூடும். கடையில் கிலோ வந்ததால், படியைக் குலுக்குவதா வேண்டாமா என்ற சண்டை ஓய்ந்தது.

விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் முறை அடர்த்தியின் மிக அழகான பயன் என்பேன். பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைக்கிறார்கள். உப்பு போதுமா என்று அறியப் புதுக் கோழிமுட்டை ஒன்றை அதில் போடுவார்கள். நல்ல தண்ணீரில் மூழ்கும் முட்டை, அடர்த்தி 1.1-ஐ நெருங்கும் இந்தக் கரைசலில் மிதந்து, உச்சியில் நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரியும். பிறகு நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறையாகப் பால்பிடித்த நெல்லும் மேலே வரும். பால் முழுதாகக் கட்டிய கனத்த நெல் அடியில் தங்கும். அதை எடுத்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி விதைப்பார்கள். ஒவ்வொரு மணியையும் கையில் எடுத்துப் பார்க்க முடியாத இடத்தில், ஆயிரக்கணக்கான மணிகளின் அடர்த்தியை ஒரே நேரத்தில் சோதித்துவிடுகிறது அந்த உப்புத் தண்ணீர். முட்டை அங்கே அடர்த்திமானி. புது முட்டையாக இருப்பதும் முக்கியம். நாளாக ஆக முட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரத்தை இழக்கும். உருவம் குறையாமல் நிறை மட்டும் குறையும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும் என்பதால் அது பொய் சொல்லிவிடும்.

பால் சொசைட்டியில் மிதக்கவிடும் லாக்டோமீட்டரும் இதே வேலையைச் செய்கிறது. பாலின் அடர்த்தி 1.028 முதல் 1.032 வரை, அதை 28 முதல் 32 என்று படிக்கிறோம். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் 30 என்பது 27-க்கு இறங்கிவிடும். ஆனால் இந்தக் கருவியை ஏமாற்றலாம். கொழுப்பின் அடர்த்தி சுமார் 0.93, தண்ணீரைவிடக் குறைவு. ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி ஏறும். ஏறியதைத் தண்ணீர் ஊற்றி இறக்கினால் பழையபடி 30 காட்டும். இரண்டு தவறு சேர்ந்து ஒரு சரியான எண்ணாகிவிடுகிறது. அதனால்தான் லாக்டோமீட்டரோடு நிற்காமல் கொழுப்பையும் தனியே அளந்து, கொழுப்பு நீங்கிய திடப்பொருளையும் கணக்கிட்டு விலை போடுகிறார்கள்.

கடைசியாக, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று. ஆர்க்கிமிடீஸ் மன்னரின் கிரீடத்தைத் தண்ணீரில் மூழ்கவைத்து, வழிந்த நீரைக் கொண்டு கலப்படத்தைக் கண்டுபிடித்தார் என்ற கதையைக் கேட்டிருப்போம். ஒரு கிலோ கிரீடத்தில் 300 கிராம் வெள்ளி கலந்திருந்தாலும், 20 செ.மீ. அகலப் பாத்திரத்தில் நீர்மட்ட வேறுபாடு 0.4 மில்லிமீட்டர்தான் வரும். கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். கலிலியோ தன் 22-ஆம் வயதில், 1586-இல், ஆர்க்கிமிடீஸ் இதைத் தராசைக் கொண்டுதான் செய்திருப்பார் என்று எழுதி, அதற்கு ஒரு தராசையும் வடிவமைத்தார். இன்று அது இன்னும் எளிது.

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். நகையை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்குமாறும் அடியிலோ பக்கத்திலோ படாதவாறும் தொங்கவிடுங்கள். நகையின் எடையைக் கையில் இருக்கும் நூல் தாங்குகிறது. ஆனாலும் தராசில் எண் ஏறும். நகையைத் தண்ணீர் எவ்வளவு மேலே தள்ளுகிறதோ, அவ்வளவு நகையும் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. அந்த அளவு, நகை விலக்கிய நீரின் எடை. நீருக்கு ஒரு கிராம் ஒரு கனசென்டிமீட்டர் என்பதால், தராசு காட்டும் கிராம் எண்ணே நகையின் கனஅளவு. ஒரே தராசு நிறையையும் இடத்தையும் அளந்து தந்துவிடுகிறது.

22 காரட் தங்கத்தின் அடர்த்தி 17.6 முதல் 18 வரை. 40 கிராம் வளையல் என்றால் தராசு சுமார் 2.25 காட்ட வேண்டும். 18 காரட்டாக இருந்தால் 2.6-ஐ ஒட்டி வரும். வெறும் செம்பு 4.46 காட்டும். உள்ளே அரக்கு அடைத்த நகைக்கும், கூடாகச் செய்த நகைக்கும், கல் பதித்ததற்கும் இந்தக் கணக்கு செல்லாது. ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை உதறிவிட வேண்டும். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தங்கத்தின் 19.3; தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை மறைத்தால் இந்தச் சோதனை தோற்றுவிடும். வீட்டுச் சோதனை 916 முத்திரைக்கு மாற்றாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடர்த்தியின் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் முன், டம்ளர், நூல், ஒரு இரும்பு ஆணி, ஒரு செம்புக் கம்பி, கூழாங்கல் ஒன்று இவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்யவிடுங்கள். ஆணி 7.8-ஐ ஒட்டியும் கம்பி 8.9-ஐ ஒட்டியும் வருகிறதா என்று அவர்களே வகுத்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதச் சொல்லுங்கள். இதற்குப் புதிதாக வாங்கவேண்டியது அந்தச் சிறு தராசு ஒன்றுதான்.